ஊர் வீடு, தோப்பு: பூட்டி வெச்சா போதுமா?

கேள்வி (கடைமடைக்காரன்), 9 ஜூன் 2024

அப்பா போன வருஷம் தவறிட்டாங்க. பேராவூரணி பக்கம் கிராமத்துல பழைய ஓட்டு வீடு ஒண்ணு, ஒன்றரை ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கு. அண்ணன் சென்னை, நான் கோயம்புத்தூர், அக்கா சிங்கப்பூர். வீட்ட பூட்டிட்டு வருஷத்துக்கு ரெண்டு தடவ போய் பாத்துட்டு வந்தா போதாதா? சுவத்துக்கு சிமெண்ட் பூசி, ஓட்ட எறக்கிட்டு தகர ஷீட் போட்டுட்டா பத்து வருஷத்துக்கு திரும்பிப் பாக்க வேணாம்னு கொத்தனார் சொல்றார். அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

பதில், 10 ஜூன் 2024, இரவு

போதாது. பூட்டாதீங்க, ஆள் வைங்க.

எங்க ஊரு பட்டுக்கோட்டைக்கு தெக்க. தாத்தா கட்டுன முற்றம் வெச்ச வீடு. பெரியப்பா அங்கயே இருந்த வரைக்கும் யாரும் அந்த வீட்டப் பத்தி யோசிச்சதே இல்ல, பொங்கலுக்குப் போவோம், சாப்பிடுவோம், தேங்கா ஒரு மூட்டை கட்டிட்டு வருவோம். அவரு போனப்பறம் பூட்டுனோம். பூட்டுன வீட்டுக்கு மொத வர்றது திருடன் இல்லங்க, கரையான். அப்பறம் எலி, எலியத் தேடி பாம்பு, ராத்திரில ஓட்ட தள்ளிட்டு மரநாய். ஒரே ஒரு ஓடு நாலு விரக்கட நகந்தா போதும். ஆள் இருக்குற வீடுன்னா சொட்டுற அன்னைக்கே ஒரு குண்டான வெச்சுட்டு மறுநாள் ஏறி ஓட்ட சரி பண்ணிருவாங்க, ஆள் இல்லாத வீட்டுல ஐப்பசில ஆரம்பிச்ச சொட்டு மார்கழி வரைக்கும் அதே எடத்துல எறங்கிக்கிட்டே இருக்கும், நம்ம தைல போய் கதவ தொறந்து அய்யய்யோம்போம்.

எங்க வீட்டுல போனது கூடல்வாய். ரெண்டு பக்கத்து கூரையும் முற்றத்து மூலையில சேருற எடம் இருக்குல்ல, தண்ணி மொத்தமும் அங்கதான் எறங்கும். கீழ இருந்த தகடு ஓட்டை. அதுக்கு அடியில வர்ற பனங்கை (கூரையத் தாங்குற பனைச் சட்டம்) பாக்குறதுக்கு கருகருன்னு முழுசா இருந்துச்சு, ஏணி போட்டு ஏறி நுனியில கட்டைவிரல வெச்சு அழுத்துனேன், நகம் வரைக்கும் உள்ள போயிருச்சு. வைரம் பாஞ்ச பனை, கரையான் அண்டாது. தண்ணிக்கு அந்த மரியாதை எல்லாம் கெடையாது.

11 ஜூன் 2024

கொத்தனார் சொன்ன சிமெண்ட் விஷயம். உங்க சுவரு சுண்ணாம்புக் காரை வெச்சு கட்டுனதா, மண்ணு வெச்சு கட்டுனதான்னு மொத பாருங்க. எங்கயாச்சும் பேந்த எடத்துல ஆணியால கீறுனா தெரிஞ்சிரும். பழைய செங்கல் சுவரு தரையில இருந்து ஈரத்த இழுக்கும், இழுத்தத சுண்ணாம்புப் பூச்சு வழியா வெளிய விட்டுரும். மேல சிமெண்ட பூசுனா ஈரம் வெளிய வர வழியில்லாம உள்ளயே நிக்கும், உப்பு பூக்கும், ரெண்டு மூணு மழைக்குள்ள பூசுனது பாளம் பாளமா கழண்டு விழும், விழும்போது பழைய செங்கல்லோட மூஞ்சியையும் பேத்துக்கிட்டு வரும். எங்க தெருவுலயே ஒரு வீடு அப்படி நிக்குது. சுண்ணாம்புக்கு சுண்ணாம்புதான். நம்ம பக்கம் கடற்கரை கிட்ட, கிளிஞ்சல் சுண்ணாம்பு கேட்டா இன்னும் கெடைக்குது. அத முறையா ஊற வெச்சு அரைச்சு பூசத் தெரிஞ்ச ஆளுதான் குறைவு.

தகர ஷீட்டு மாட்டுக் கொட்டாய்க்கு சரி. வீட்டுக்குப் போட்டா சித்திரையில உள்ள உக்கார முடியாது, மழ பேஞ்சா போன் பேச முடியாது. தென்னை மட்டை மேல விழுந்தா நசுங்குற எடத்துல தண்ணி தேங்கி அங்கயே துரு புடிக்கும். ஓடுன்னா ஒடஞ்ச ஒண்ண மட்டும் மாத்திக்கலாம்.

சொல்ல மறந்துட்டேன், சீமை ஓடு எறக்குனா அடிப்பக்கம் என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. மங்களூர்ல பாசல் மிஷன்காரங்க 1865ல ஓட்டு ஆலை ஆரம்பிச்சாங்க, அப்பறம் அங்க நெறைய பேரு தொடங்கி தெக்க பூரா அந்த ஓடுதான். நல்லா இருக்குற பழைய ஓட்டுக்கு இப்ப ரிசார்ட் கட்டுறவன் வெல பேசுறான். ஒடஞ்சதுன்னு சொல்லி கொத்தனார் ஏத்திட்டுப் போறதுக்கு முன்னாடி எண்ணி வெச்சுக்கங்க. (உங்க கொத்தனார சொல்லல, பொதுவா சொல்றேன்.)

11 ஜூன் 2024, அப்பறம்

ஆவணி கடைசில, அதிகமா போனா புரட்டாசி மொத வாரத்துல ஓடு பிரிச்சு மேஞ்சிரணும். அதுக்கப்பறம் ஆளு கெடைக்காது, ஊரே அப்பதான் ஓட்டு மேல நிக்கும்.

16 ஜூன் 2024

தோப்பப் பத்தி யாரும் பேசல. நானே பேசுறேன், வீட்ட விட இதுதான் எனக்கு வயித்தெரிச்சல்.

2018 நவம்பர் 16 விடியக்காலைல கஜா புயல். அந்தத் தேதிய நம்ம பக்கத்து ஆளுங்க யாரும் காலண்டர பாத்து சொல்ல மாட்டாங்க. 25 அடிக்கு 25 அடி வெச்சா ஏக்கருக்கு 70 மரம், எங்க தோப்புல நின்னத விட விழுந்ததுதான் அதிகம், எல்லாம் கிழக்குக் கரை நெட்டை ரகம், அப்பா சின்னப் பையனா இருக்கும்போது வெச்ச கன்னுங்க. அரசாங்கம் மரத்துக்கு 1,100 ரூபா குடுத்துச்சு: 600 நிவாரணம், 500 வெட்டி அப்புறப்படுத்துறதுக்கு. அதுல எங்களுக்கு என்ன வந்துச்சுங்கறது தனிக் கதை, பின்னாடி சொல்றேன்.

பணத்த விட பெரிய தொல்ல விழுந்த மரம். அத உடனே எடுக்காம போட்டவங்க தோப்புல எல்லாம் காண்டாமிருக வண்டு குடும்பம் நடத்துச்சு. மக்குன தண்டு, எருக்குழி, இதுதான் அதுக்குப் பிரசவ ஆஸ்பத்திரி. அப்பறம் புதுசா வெச்ச கன்னோட குருத்துலதான் வந்து ஒக்காரும். விரியும்போது மட்டை விசிறி விசிறியா கத்தரிச்ச மாதிரி வரும் பாருங்க, அதுதான். வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் ரெண்டு பங்கு கலந்து மரத்துக்கு 150 கிராம் நடுக்குருத்து கிட்ட மூணு மட்டை இடுக்குல போடணும். இதுக்கு ஆள் ஏறணும். ஆள் ஏறணும்னா நம்ம அங்க இருக்கணும். கோயம்புத்தூர்ல இருந்து போன்ல "போட்டாச்சா?"ன்னா "போட்டாச்சு"ன்னுதான் பதில் வரும்.

22 ஜூன் 2024

வெள்ளை ஈ கேட்டிருந்தீங்க. சுருள் வெள்ளை ஈ, 2016ல பொள்ளாச்சி பக்கம் வந்தது, இப்ப எல்லாப் பக்கமும் இருக்கு. மட்டைக்கு அடியில சுருள் சுருளா வெள்ளையா முட்டை, அது விடுற தேன் மாதிரி கசிவு கீழ் மட்டைல விழுந்து கறுப்பு பூசணம். கறுப்பப் பாத்து பயந்து கண்ட மருந்தையும் அடிக்காதீங்க, அந்த ஈயத் தின்னு வளர்ற என்கார்சியா குளவி செத்துப் போகும், ஈ மட்டும் கொழுத்துத் திரியும். வெளக்கெண்ண தடவுன மஞ்சள் அட்டை தொங்க விடுங்க, விசையா தண்ணி அடிங்க. கறுப்புக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதாவ காச்சி பசையாக்கி தெளிச்சா வெயில்ல காஞ்சு செதில் செதிலா உரிஞ்சு கொட்டும். தெருவுல தெளிச்சப்ப ஒரு ஆச்சி கேட்டுச்சு, "புரோட்டா போடுற மாவ மரத்துக்கா ஊத்துறீங்க?"

4 ஜூலை 2024

காகிதம். பின்னாடி சொல்றேன்னேன்ல.

கஜா நிவாரணத்துக்கு வி.ஏ.ஓ. கணக்கு எடுக்க வந்தாரு. பட்டா யார் பேர்ல? தாத்தா பேர்ல. தாத்தா எங்க? போய் சேந்து இருவத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு. வாரிசுச் சான்றிதழ் எங்க? வாங்கவே இல்ல. பெரியப்பா ஊர்ல இருந்ததால அவரே பாத்துக்கிட்டாரு, யாருக்கும் தோணல. கடைசில பக்கத்துத் தோப்புக்காரங்களுக்கு எல்லாம் பணம் ஏறுனதுக்கு ரொம்ப நாள் கழிச்சு பெரியப்பா கணக்குல கொஞ்சம் வந்துச்சு, அதையும் பங்கு பிரிக்கிறதுல சித்தப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பேச்சு வார்த்தை நின்னு போச்சு. புயல்ல மரம் சாஞ்சுது, நிவாரணத்துல குடும்பம் சாஞ்சுதுன்னு அத்தை சொல்லும்.

ஆக, ஓடு, சுண்ணாம்பு, வேப்பங்கொட்டை எல்லாத்துக்கும் முன்னாடி செய்ய வேண்டிய பராமரிப்பு பட்டா. உங்க அப்பா போய் ஒரு வருஷம் ஆயிருச்சுன்னு எழுதியிருக்கீங்க. வாரிசுச் சான்று வாங்கியாச்சா? பட்டா யார் பேர்லன்னு இணையத்துலயே பாத்துக்கலாம், சர்வே எண் இருந்தா போதும். கூடவே வில்லங்கச் சான்றும் எடுத்துப் பாருங்க. 80கள்ல யு.டி.ஆர். (நெலப் பதிவேட்ட புதுப்பிச்ச வேலை) நடந்தப்ப பேரும் பரப்பும் மாறிப்போன நெலங்க இன்னைக்கும் இருக்கு, பத்திரத்துல ஒண்ணு இருக்கும் பட்டால வேற இருக்கும்.

5 ஜூலை 2024

கீழ ஒருத்தர் "பொண்ணுங்களுக்கு 2005ல இருந்துதானே பங்கு, அத்தைங்க கையெழுத்து எதுக்கு"ன்னு கேக்குறார். ரெண்டு விஷயத்த ஒண்ணாக் கொழப்புறீங்க. பூர்வீகச் சொத்துல கூட்டுப் பங்குங்கறது 2005 செப்டம்பர் 9 திருத்தம் இந்தியா முழுக்கக் குடுத்தது, தமிழ்நாட்டுல 1989 மார்ச் 25ல இருந்தே கல்யாணம் ஆகாத பொண்ணுங்களுக்கு இருந்துச்சு. 2020ல சுப்ரீம் கோர்ட்டு, 2005ல அப்பா உயிரோட இருந்தாரா இல்லையாங்கறது ஒரு பொருட்டே இல்லன்னு சொல்லிருச்சு. ஆனா தாத்தா சொந்தமா சம்பாரிச்சு வாங்குன நெலம், உயில் எழுதாம போயிட்டாருன்னா, 1956 சட்டத்துலயே மகன், மக, பொண்டாட்டி எல்லாருக்கும் சமப் பங்கு. எங்களது இந்த ரகம். அதனால அத்தைங்க ரெண்டு பேரும் கையெழுத்து போட்டாத்தான் எதுவும் நகரும். "நகை போட்டு கட்டிக் குடுத்தாச்சே" எல்லாம் திண்ணைப் பேச்சு, பத்திர ஆபீஸ்ல செல்லாது.

சிங்கப்பூர் அக்கா இருக்காங்கன்னு சொன்னீங்க. நேர்ல வர முடியலன்னா அங்க இருக்குற இந்தியத் தூதரகத்துல சான்று வாங்குன அதிகாரப் பத்திரம் வேணும், அத இங்க கொண்டாந்து முத்திரைத் தீர்வ கட்டணும். லீவுக்கு வரும்போது ஒரு நாள ஒதுக்கச் சொல்லுங்க, அது சுலபம்.

30 ஜூலை 2024

வழக்கமா ஜூன் 12ன்னு காத்துக் கெடப்போம், இந்த வருஷம் மேட்டூர தொறந்ததே ஜூலை 28ம் தேதி, இன்னைக்கு அணை 120 அடி நெறஞ்சிருச்சாம். பத்து நாளைக்கு முன்னாடி வறட்சின்னு பேசிக்கிட்டு இருந்தோம். புதாத்துல (கல்லணைக் கால்வாய்) கடைமடைக்குத் தண்ணி எப்ப வருதுன்னு பாப்போம். அது வரைக்கும் போர் மோட்டார் ஓடணும். எங்களது காயில் எரிஞ்சு கெடக்கு. சும்மா கெடக்குற மோட்டாரும் கெட்டுத்தான் போகுது, வாரத்துக்கு ஒரு தடவையாவது ஓட்டச் சொல்லுங்க. ஸ்டார்ட்டர் பொட்டிக்குள்ள பல்லி செத்துக் கெடந்தா அதுக்கும் ஒரு ரிலே போகும்.

11 ஆகஸ்ட் 2024

ஆள் வைக்கிறது பத்தி. மொத நாள் நான் அடிச்சு சொன்னேன்ல, பூட்டாதீங்க, ஆள் வைங்கன்னு. இன்னமும் அதான். ஆனா அதுலயும் எடக்கு இருக்கு, அத சொல்லாம விட்டா நல்லா இருக்காது.

எங்க வீட்டுப் பின்கட்டுல இப்ப ஒரு அக்காவும் அவங்க வீட்டுக்காரரும் இருக்காங்க, வாடகை கெடையாது, வீட்டக் கூட்டிப் பெருக்கி வெளக்கேத்துவாங்க, தோப்புல கீழ விழுற காய் மட்டை அவங்களுக்கு. நல்ல மனுஷங்க. சித்தப்பாவுக்கு பயம்: "பன்னெண்டு வருஷம் இருந்துட்டா அவங்களுக்கே சொந்தமாயிரும்." அப்படி இல்ல. பன்னெண்டு வருஷக் கணக்கு, உங்க உரிமைய மறுத்து தன்னோடதுன்னு வெளிப்படையா அனுபவிக்கிறவனுக்கு. நீங்க அனுமதி குடுத்து இருக்குறவங்க எத்தன வருஷம் இருந்தாலும் அது அனுமதிதான். அதுக்காக வாய் வார்த்தையா விடாதீங்க, பாத்துக்குறதுக்காகத்தான் தங்கியிருக்கோம்னு ஒரு தாள்ல எழுதி ரெண்டு பக்கமும் கையெழுத்து, வருஷா வருஷம் புதுசு. வீட்டு வரி, கிஸ்தி (நெல வரி) ரெண்டையும் நீங்களே கட்டி ரசீத வைங்க. இ.பி. கார்டும் உங்க பேர்ல.

தோப்ப குத்தகைக்கு விடுறது வேற. 1955 குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் இருக்கு, உழுது பயிர் செய்றவர சும்மா வெளியேத்த முடியாது. அந்தச் சட்டம் வந்த காலத்து நெலமைய பாத்தா அது நியாயமான சட்டம், நான் குறை சொல்லல. ஆனா அதுக்கு பயந்துதான் தோப்புக்காரங்க பெரும்பாலும் நெலத்த குத்தகைக்கு விடாம காய மட்டும் வெல பேசி விடுறாங்க. வியாபாரி ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ வெட்டு போட்டு எண்ணிட்டுப் போவாரு. அதுல வர்ற சிக்கல், காய்க்கு வெல பேசுனவருக்கு மரத்தப் பத்தி கவல கெடையாது. உரம், தண்ணி, வண்டு நம்ம தலையில.

12 ஆகஸ்ட் 2024

கேமரா வெச்சா போதாதான்னு கேட்டவருக்கு. சித்தப்பா பையன் சோலார்ல ஓடுற சிம் கார்டு கேமரா ஒண்ணு மாட்டுனான். ராத்திரி ரெண்டு மணிக்கு "நடமாட்டம்"னு அலறும், எந்திரிச்சுப் பாத்தா தெருநாய் திண்ணையில ஏறி படுக்குது. தெனமும் அதே நாய். இப்ப குடும்ப குரூப்ல அதுக்குப் பேரே வெச்சுட்டாங்க. கரையான் ஏறுறது எந்தக் கேமராவுலயும் விழல.

21 செப்டம்பர் 2024

ஓடு பிரிச்சாச்சு. கூடல்வாய்க்குப் புது தகடு, பழசு மாதிரி ரெண்டு துண்டா ஒட்டு போடாம ஒரே நீளமா மடிச்சது. பனங்கை நுனிய மட்டும் அறுத்துட்டு ஒட்டு கொடுத்திருக்காரு ஆசாரி, முழுக்கையும் மாத்த வேணாம்னு அவரே சொன்னாரு, காசுக்கு ஆசப்படாத ஆளு. ரீப்பர் (ஓடு ஒக்கார்ற குறுக்குச் சட்டம்) ஒரு பக்கம் பாக்கி இருக்கு.

செலவுக்கு குடும்ப குரூப்ல கணக்கு போட்டேன். எல்லாரும் கட்டைவிரல் போட்டாங்க. பணம் போட்டது அத்தைங்க ரெண்டு பேரு. பங்கு கேக்க வந்துருவாங்கன்னு இத்தன வருஷம் பயந்தமே, அவங்கதான்.

27 அக்டோபர் 2024

தேங்கா வெல ஏறிக்கிட்டே போகுது. போன மாசம் எறக்குமதி சமையல் எண்ணெய்க்கு வரி ஏத்துனதுல இருந்தே நல்ல ஏத்தம். அதோட எங்க சொந்தக்காரங்களுக்கு ஊர்ப்பாசமும் ஏறுது. மூணு வருஷமா போன் எடுக்காத பெரியப்பா பையன் நேத்து கூப்புட்டு, "தம்பி, தோப்பு எப்படி இருக்கு?"ங்கறான். வீடு எப்படி இருக்குன்னு கேக்கல. நல்லா இருக்குண்ணே, மோட்டார் காயில் கட்டுன பாக்கிதான் இருக்கு, அனுப்பிவிடுங்கன்னேன். சிக்னல் சரியில்லையாம்.

சிரிப்பா சொல்றேன், ஆனா இத வேற மாதிரியும் யோசிச்சுப் பாத்தேன். வெல இல்லாதப்ப பாகப்பிரிவினை பேசுனா யாரும் வர மாட்டாங்க, வெல இருக்குறப்ப எல்லாரும் வருவாங்க. வரும்போதே கையெழுத்து வாங்கிரணும்.

1 டிசம்பர் 2024

ஃபெஞ்சல் புயல் நேத்து புதுச்சேரி பக்கம் கரையேறிருச்சு. நம்ம டெல்டாவுக்கு அதுக்கு முந்தியே நாலஞ்சு நாளா மழ. பின்கட்டு அக்காவுக்கு போன் போட்டேன், கூடல்வாய் சொட்டல, ஆனா சாமி ரூம்ல எப்பவும் சொட்டாத எடத்துல சொட்டுது, ஒரு ஓடு நகந்திருக்கும், மழ விட்டதும் அவங்க வீட்டுக்காரரு ஏறிப் பாக்குறேன்னாராம். குண்டான் வெச்சிருக்காங்க.

விழுந்தது ரெண்டு மரம். ரெண்டும் அடித்தண்டுல செங்காவி நெறத்துல சாறு வடிஞ்சுக்கிட்டு இருந்த மரங்க, தஞ்சாவூர் வாடல் நோய். 1952ல நம்ம மாவட்டத்துலதான் மொத கண்டதால ஊர் பேரே ஒட்டிக்கிச்சு. வேரோட தோண்டி எடுத்து எரிக்கச் சொல்லியிருக்கேன், சுத்தி குழி வெட்டி பக்கத்து மரத்த பிரிச்சு விடணும். எடுத்தாங்களான்னு போட்டோ அனுப்பச் சொல்லியிருக்கேன். (போன்ல கேட்டா என்ன பதில் வரும்னு மேலயே எழுதிட்டேன்.)

19 ஜனவரி 2025

பொங்கலுக்கு எல்லாரும் வந்தாங்க, சித்தப்பா உட்பட. மாட்டுப்பொங்கல் அன்னைக்கு சாயங்காலம் திண்ணையில வெச்சே பேசி முடிச்சோம். தோப்ப அஞ்சு பங்கா கிழிக்கல, கிழிச்சா ஆளுக்கு இருவது மரம்கூட தேறாது, பாத வேற விடணும். தோப்பு கூட்டுப் பட்டாவாவே இருக்கும், காய்க் காசுல மொத செலவ கழிச்சிட்டு மிச்சத்த பங்கு. வீட்ட சின்ன அத்தை பேருக்கு மத்தவங்க தங்க பங்க விட்டு விடுதலைப் பத்திரம் எழுதிக் குடுக்குறதா பேச்சு, அத்தை ரிட்டையர் ஆகி அங்கயே வந்து இருக்கப் போகுது. பெரியப்பா பையன் மட்டும் யோசிச்சு சொல்றேன்னு போயிருக்கான்.

செலவு கேட்டவருக்கு: குடும்பத்துக்குள்ள விடுதலை, பாகப்பிரிவினை, செட்டில்மெண்ட் எல்லாத்துக்கும் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு பங்குக்கு 40,000, பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000. 2023 ஜூலைல ஏத்துனது. முந்தி 25,000, 4,000 தான் இருந்துச்சு, எங்க பெரியப்பா காலத்துலயே முடிச்சிருக்கலாம்.

கடைமடைக்காரன், உங்க வாரிசுச் சான்று என்ன ஆச்சு? தகர ஷீட்டுக்கு அட்வான்ஸ் குடுத்திருந்தா திருப்பி வாங்குங்க. ஆசாரி நம்பர் கேட்டிருந்தீங்க, அவரக் கேக்காம பொதுவுல போட மாட்டேன், தனியா செய்தி அனுப்புங்க. மாசிக்கு முன்னாடி அவருக்கு நேரம் இல்லன்னாரு, எங்க ரீப்பரே இன்னும் பாக்கி.